வலது கைக்கு ஒரு குமிழி ஆட்டம்

டயாலிசிஸ் படுக்கையில் ஒரு கைதான் உங்களுடையது. மற்றது நான்கு மணி நேரத்துக்கு இயந்திரத்தின் கை. இரண்டு ஊசிகளைச் செருகி, பிளாஸ்திரி ஒட்டி, மடக்காமல் தலையணைமேல் நீட்டி வைத்துவிடுவார்கள். மூக்கு அரித்தாலும், போர்வை நழுவினாலும், அழுகை வந்தாலும் மிச்சமிருக்கும் ஒரு கையால்தான் எல்லாம். புதிதாக இந்தச் சிகிச்சைக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, வலிக்குமா என்று. வலிக்கும், பழகிவிடும். அடுத்துக் கேட்பது, அத்தனை நேரம் என்ன செய்வீர்கள் என்று. அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். இரண்டில் அதுதான் பெரிய கேள்வி என்பது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

நல்ல முடிவு உள்ள கதை இல்லை இது. அதை எதிர்பார்த்து வாசிக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. செலவைப் பற்றியும் எழுதப்போவதில்லை. எங்கள் குடும்பத்தில் யாரிடம் கேட்டாலும் அதை மட்டும்தான் சொல்வார்கள். இங்கேயாவது அது இல்லாமல் இருக்கட்டும்.

நன்னிலத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். தாத்தா காலம்வரை மற்றவர் வயலில் வேலை செய்த குடும்பம். அப்பா நான் சிறுமியாக இருந்தபோதே இறந்துவிட்டார். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் எங்கள் இருவரையும் வளர்த்தாள். அண்ணன் செந்தில் சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போனான். அவன் அனுப்பியதில்தான் நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தேன். படித்ததும் சென்னைக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் வேலை. போர்டைத் தாங்கியில் பொருத்தி, பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு புள்ளியிலும் மின்னழுத்தம் சரியா என்று பார்க்க வேண்டும். சரியென்றால் பச்சைத் தட்டு, இல்லையென்றால் சிவப்புத் தட்டு. சிவப்புத் தட்டுக்குப் போன போர்டுகள் என்ன ஆகின்றன என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

அந்தத் தொழிற்சாலையில் வருடத்துக்கொரு முறை எல்லோருக்கும் உடல் பரிசோதனை உண்டு. ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் பட்டையைக் கழற்றாமல் மறுபடி பார்த்தார். பிறகு வேறு கருவியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். கருவி சரியாகத்தான் இருந்தது. சிறுநீரில் புரதம் போகிறது என்றார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கியிருந்தன. சிறுவயதில் எப்போதோ தொடங்கியிருக்கும், வலி இல்லாததால் தெரிந்திருக்காது என்றார் அங்கிருந்த மருத்துவர். கிரியாட்டினின் என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். தசைகள் வேலை செய்யும்போது உண்டாகும் கழிவு அது. நல்ல சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளிவிடும். ரத்தத்தில் அது ஏறினால், வடிகட்டி வேலை செய்யவில்லை என்று பொருள்.

வேலையை விட்டு ஊருக்கு வந்தேன். தஞ்சாவூரில் சிறுநீரக மருத்துவரைப் பார்க்க அம்மாவும் வந்தாள். அவர் படம் போட்டு விளக்கியதை அம்மா முழுவதும் கேட்டாள். கடைசியில் கேட்டாள்:

“வடிவாய்க்கா தூந்துபோச்சுங்கிறீங்க. அப்படித்தானங்க?”

“அப்படித்தாம்மா.”

“தூர் வார முடியாதுங்களா?”

மருத்துவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது. “இதைத் தூர் வார முடியாதும்மா. மிஷினை வச்சுத் தண்ணிய இறைக்கலாம். இல்லன்னா வேற வாய்க்கால் வெட்டணும்” என்றார்.

மிஷின் என்றது டயாலிசிஸ். வேற வாய்க்கால் என்றது வேறொருவருடைய சிறுநீரகம்.

இடது முன்கையில் ஒரு தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்தார்கள். இதற்கு ஃபிஸ்டுலா என்று பெயர். சிரை புடைத்துத் தடித்த பிறகு அதில்தான் ஊசி போடுவார்கள். செவ்வாய், வெள்ளி, காலை ஷிப்ட். முதல் பஸ்ஸில் அம்மாவும் நானும் தஞ்சாவூருக்குக் கிளம்புவோம். அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை, அம்மாவுக்கு நடவு வேலை இல்லை. “தண்ணி வராததும் நல்லதுக்குத்தான். வந்திருந்தா உங்கூட யாருடி வருவா?” என்பாள். அதைக் கேட்டுப் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் ஒருமுறை திரும்பி முறைத்தார். பாவம், அவருக்கு நிலம் இருந்திருக்கும்.

பையில் எடுத்துப்போக வேண்டியவை என்று புதியவர்களுக்கு நான் சொல்வது: ஸ்வெட்டர் (ரத்தம் வெளியே சுற்றி வருவதால் குளிரும்), இட்லி இரண்டு, தண்ணீர் அளந்து ஊற்றிய சின்ன பாட்டில், ரப்பர் பந்து (ஃபிஸ்டுலா கையால் அமுக்கிப் பழக), முந்தைய சீட்டுகள், ஒரு பழைய துண்டு. விளையாட்டுக் கருவியை அந்தப் பட்டியலில் சேர்க்கலாமா என்று முதலில் யோசித்தேன். இப்போது முதலாவதாகச் சொல்கிறேன்.

அதை அனுப்பியவன் அண்ணன். ஊருக்குத் திரும்பிய ஒருவரிடம் கோடாலித் தைலம், பிஸ்கட் டின், அம்மாவுக்கு ஒரு டார்ச் லைட் இவற்றோடு துண்டில் சுற்றிக் கொடுத்துவிட்டிருந்தான். கையடக்கமான சாம்பல் நிறக் கருவி. யாரோ விற்றதை அங்கே பழைய பொருள் கடையில் வாங்கியிருக்கிறான். திரையில் கீறல். பின்பக்கம் இரண்டு பேட்டரி போட வேண்டும். கூடவே மூன்று கேசட்டுகள்.

“பழசுதான். ஓடுதான்னு பாரு. நீதான் போர்டு டெஸ்ட் பண்றவளாச்சே” என்றான் தொலைபேசியில்.

ஓடியது. முதல் கேசட் கார்ப் பந்தயம், இரண்டாவது சண்டை. இரண்டுக்கும் இரு கையும் வேண்டும். மூன்றாவதுதான் குமிழி. திரையின் மேல்பக்கம் வண்ண வண்ணக் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கீழே ஓர் அம்பு. அம்பை இடவலமாகத் திருப்பி, பொத்தானை அழுத்தினால் கையிலிருக்கும் குமிழி பறந்துபோய் ஒட்டும். ஒரே நிறத்தில் மூன்று சேர்ந்தால் உடையும். அவற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தவை உதிரும். சில தடவை சுட்டதும் கூரை ஒரு வரிசை கீழே இறங்கும். குமிழிகள் அடிக்கோட்டைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. அவ்வளவுதான். கருவியை வயிற்றின்மேல் தலையணையில் சாய்த்துவைத்து, வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொண்டு ஆடிவிடலாம்.

திரைக்குள் விளக்குக் கிடையாது. வெளிச்சம் மேலே விழுந்தால்தான் நிறம் தெரியும். அதனால் ஜன்னலோரப் படுக்கை எனக்கு வேண்டியிருந்தது. அது ஜமால் பாயுடையது. கூத்தாநல்லூர்க்காரர், அறுபதைத் தாண்டியவர், இருபது வருடம் சிங்கப்பூரில் கடை வைத்திருந்துவிட்டுத் திரும்பியவர். சர்க்கரையில் சிறுநீரகமும் போய், கண்ணும் பாதி போயிருந்தது. அங்கே நர்ஸாக இருந்த ஸ்டெல்லா சிஸ்டர்தான் தூது போனார்.

“பாய், பாப்பாவுக்கு ஜன்னல் வேணுமாம்.”

“ஏன், தப்பிச்சுப் போகவா?”

“கேம் ஆடவாம்.”

“நான் படுத்துக் கெடந்து வானத்தைப் பாத்து எதைக் கண்டேன்? குடுங்க. ஒரு கண்டிஷன். எனக்கும் ஒரு ஆட்டம்.”

அவருக்கு நீலமும் ஊதாவும் ஒன்றாகத் தெரியும். “இது என்னா கலரு தங்கச்சி?” என்று அடுத்த படுக்கையிலிருந்து சத்தமாகக் கேட்பார். நானோ என் கையிலுள்ள குழாயை இழுக்காமல் எட்டிப் பார்க்க முடியாது. கடைசியில் ஸ்டெல்லா சிஸ்டரே நடுவில் நின்று “ஊதா பாய்... நீலம்... ஐயோ அங்க இல்ல” என்று சொல்லிக்கொடுக்கும் நிலை வந்தது. இயந்திரம் அலாரம் அடித்தால் ஓடுவார், திரும்பி வந்து “என்னாச்சு, போச்சா?” என்பார். அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போக இருந்த ஒருவர், போகுமுன் கூடுதலாக ஒரு மணி நேரம் டயாலிசிஸ் ஓட்டிக்கொள்ள வந்தார்; அந்த ஒரு மணி நேரத்தில் அவரும் ஆட்டத்துக்குப் பழகிவிட்டார். அவர் மனைவி வாசலில் மாலைக்கடைக்காரருக்கு நேரமாகிறது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

மற்ற இரண்டு கேசட்டுகளை ஒருவரும் தொடவில்லை. ஏன் என்று யோசிப்பது எனக்குத் தொழில் பழக்கம். பரிசோதகராகச் சில காரணங்களைக் கண்டேன். ஒரு கை போதும் என்பது முதலாவது. ஆனால் அது முக்கியமானது அல்ல. எதிராளி இல்லை. யாரையும் அடிக்க வேண்டாம், யாரும் துரத்துவதில்லை. ரத்த அழுத்தம் இறங்கி நாம் அரை மணி நேரம் கண்ணை மூடிவிட்டால், அம்பு அசையாமல் காத்திருக்கும். நான் நிறுத்திவைத்தால் நின்றுவிடுகிற வேறு எதுவும் அந்த அறையில் இல்லை. அடுத்து வரும் குமிழி எது என்று மூலையில் காட்டும், ஒன்றே ஒன்றுதான், அதற்கடுத்தது தெரியாது. நோயாளிக்கு அந்த அளவு எதிர்காலம் போதும், அதற்கு மேல் தாங்காது. தவறாகச் சுட்ட குமிழி மறைந்துவிடாது, கண்முன்னே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றி வந்து, வேறு வழியாக, பிறகு உடைத்துவிடலாம். உடல் அப்படியில்லை. எங்கே தவறியது என்று உடலில் யாரும் விரல் வைத்துக் காட்டவில்லை எனக்கு.

பழைய பொருள் கடையில் கிடந்த ஓர் ஆட்டத்தை எத்தனையோ பேர் ஆடித் தேய்த்திருக்கிறார்கள்; அந்த ஒரு பொத்தான் மட்டும் வழவழப்பாகக் குழிந்திருந்தது. அவர்களும் எங்கேயோ எதற்கோ காத்திருந்தவர்களாக இருக்க வேண்டும். இது காத்திருப்பவர்களின் ஆட்டம்.

நான் காத்திருந்தது அண்ணனுக்கு.

அம்மாவின் ரத்த வகை எனக்குச் சேரவில்லை. அண்ணனுடையது சேர்ந்தது. விஷயத்தைத் தொலைபேசியில் சொன்னபோது அவன் யோசிக்கவே இல்லை. “எடுத்துக்கச் சொல்லு. ரெண்டு இருக்குல்ல, நான் என்ன ரெண்டையும் வச்சுக்கிட்டுப் பந்தயமா ஓடப்போறேன்?” என்றான். சித்திரையில் விடுப்பு வாங்கி வந்தான். எல்லாப் பரிசோதனையும் நடந்தது. கடைசிப் பரிசோதனைக்குக் கிராஸ் மேட்ச் என்று பெயர். கொடுப்பவருடைய வெள்ளணுக்களையும் வாங்குபவருடைய ரத்த நீரையும் சோதனைத் தட்டின் ஒரு சின்னக் குழியில் கலந்து பார்ப்பார்கள். அணுக்கள் உயிரோடு இருந்தால், அந்தச் சிறுநீரகத்தை இந்த உடம்பு ஏற்றுக்கொள்ள வாய்ப்புண்டு. அணுக்கள் செத்தால், பொருத்திய உடனேயே சிறுநீரகமும் அப்படித்தான் சாகும். எங்களுடைய குழியில் அணுக்கள் உயிரோடு இருந்தன.

“அண்ணன் தங்கச்சியிலகூட இவ்வளவு நல்லா அமையறது குறைச்சல்” என்றார் மருத்துவர். “எடது கிட்னிய எடுத்துக்கலாம். எப்ப வச்சுக்கலாம்?”

அம்மா தரையைப் பார்த்தாள். அண்ணன் தாடியைச் சொறிந்தான். சவரம் செய்துகொள்ளாமல் காடாக வளர்ந்த தாடி. எங்கள் பக்கத்தில் அந்தத் தாடியைப் பார்த்தாலே யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

அண்ணி கயல்விழி முழுகாமல் இருந்தாள். அண்ணன் பொங்கலுக்கு வந்து போனதில் உண்டானது; ஐப்பசியில் பிரசவம். அதற்குமுன் இரண்டு முறை கலைந்திருக்கிறது. மனைவி மாசமாக இருக்கும்போது கணவன் முடி வெட்டக் கூடாது, சவரம் கூடாது, தேங்காய் உடைக்கக் கூடாது, பாம்பை அடிக்கக் கூடாது, பாடையில் கை வைக்கக் கூடாது. தாடிக்கே அப்படியென்றால் வயிற்றைக் கிழித்து உறுப்பை எடுப்பதற்கு என்ன சொல்வார்கள்? யாரும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். அண்ணியின் அம்மா மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்து, நான் படுத்திருந்த பாயருகே உட்கார்ந்து, என் காலை அமுக்கிவிட்டார். வெகுநேரம் அமுக்கினார். பிறகு கேட்டார்:

“மலரு, ஐப்பசிக்குத் தாங்குமாம்மா ஒனக்கு?”

அண்ணி கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். அவளுடைய வளையல் சத்தம் நின்றிருந்ததால் தெரிந்தது.

அண்ணன்தான் கோபப்பட்டான். “இதெல்லாம் ஒரு பேச்சா? கத்தி பட்டாத்தான் பட்டுச்சு. சிங்கப்பூர்ல தெனம் கம்பி கிழிக்குது, அப்பல்லாம் புள்ளைக்கு ஒண்ணும் ஆவலியா?”

“கம்பி தானா கிழிக்கிறது வேற. நாமளா போய்க் குடுக்கிறது வேறடா” என்றாள் அம்மா. தன் மகளுக்காக அல்ல, மருமகளுக்காகப் பேசினாள். அம்மாவுக்கும் எனக்குமுன் கலைந்தது ஒன்று உண்டு.

மருத்துவரிடம் நானே கேட்டேன். சில மாதம் தள்ளினால் ஆபத்தா? டயாலிசிஸ் ஒழுங்காகப் போனால் தள்ளலாம் என்றார். ரத்தம் மட்டும் ஏற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். சிறுநீரகம் கெட்டால் ரத்தம் ஊறுவதும் குறையும், அதற்கு ஊசி இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள். மற்றவர் ரத்தம் உள்ளே போனால் உடம்பு அந்நியர்களை அடையாளம் கண்டு எதிர்க்கக் கற்றுக்கொண்டுவிடும், பிறகு அண்ணனையும் அந்நியனாக எண்ணிவிடும்.

வீட்டுக்கு வந்து, “புள்ள பொறக்கட்டும் அண்ணி, ஐப்பசிக்கு வச்சுக்கலாம்” என்றேன். அண்ணி என் இரண்டு கையையும் பிடிக்க வந்து, இடது கையைப் பார்த்துப் பயந்து, வலது கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

அன்று நான் சொன்னதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. அந்த வீட்டில் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அதோடு வாழ்ந்திருக்க முடியாது. நாங்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் நல்லது செய்தோம். நடந்ததில் எனக்குப் புரியாத பகுதி அது மட்டும்தான்.

அண்ணன் தாடியோடு சிங்கப்பூர் திரும்பினான். நான் செவ்வாயும் வெள்ளியும் போய்வந்தேன். ஆட்டத்தில் கட்டம் கட்டமாக ஏறுவது ஒரு வகை. முடிவே இல்லாமல் ஆடுவது இன்னொரு வகை. ஜமால் பாய் இரண்டாவதைத்தான் ஆடுவார். எனக்கு முதலாவது பிடித்திருந்தது. ஒரு கட்டம் முடிந்தால் சின்ன இசை வரும், அடுத்த கட்டத்துக்குக் கதவு திறக்கும். ஐப்பசியும் அப்படித்தான் திறக்கும் என்று இருந்தேன்.

“இது எத்தனை கட்டத்துலதான் முடியும்?” என்று பாய் ஒருநாள் கேட்டார்.

“முடிஞ்சா முதல்லேருந்து ஆரம்பிக்கும் பாய்.”

“அப்ப என் ஆட்டம்தான் நேர்மையானது. முடியும்னு சொல்லி ஏமாத்தாது.”

ஆடி கழிந்து ஒருநாள் காலை, வயிறு எரிந்து வாந்தி எடுத்தேன். காப்பித் தூள் கரைத்ததுபோல் இருந்தது. இரைப்பையில் புண் வெடித்து ரத்தம் கசிந்தால் அந்த நிறத்தில் வரும் என்பது எனக்கு அப்போது தெரியாது. தஞ்சாவூர் போய்ச் சேர்வதற்குள் எழுந்து நிற்க முடியவில்லை. ஹீமோகுளோபின், அதாவது ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருள், பாதிக்கும் கீழே போயிருந்தது. மருத்துவர் என் படுக்கை அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வார்டில் அவர் உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

“ரத்தம் ஏத்தணும் மலர்.”

“ஏத்தாம இருக்க முடியாதா சார்?”

“அண்ணன் கிட்னிக்காக உன்னை இன்னிக்கு விட்டுட முடியாதும்மா.”

செய்தி ஊருக்குப் போயிற்று. மாலையில் ஒரு மினி லாரியின் பின்பக்கத்தில் நின்றபடி எங்கள் தெருப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள், கபடி டீம் மொத்தமும். அவர்கள் கொடுக்கும் ரத்தம் வங்கிக்குப் போகும், அங்கிருந்து எனக்கு வருவது வேறு யாருடையதோ. அதைச் சொன்னால் அவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை.

“அக்கா, இனிமே ஒன் ஒடம்புல ஓடுறது எங்க டீமு ரத்தம். அடுத்த மேட்ச்சுக்கு நீதான் ரைடு போவணும்” என்றான் ஒருவன்.

“இவன் ரத்தத்தை மட்டும் ஏத்திடாதக்கா. ஏறிச்சுன்னா பாதிக் கோட்டுலயே திரும்பி ஓடியாந்துடுவ.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குழாயில் சிவப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. அது நின்றதும் இன்னொரு பை மாட்டினார்கள். பிறகு இன்னொன்று.

அந்த வாரம் எனக்கு வலது கையையும் தூக்கத் தெம்பில்லை. அம்மா பையைத் துழாவி, “ஒன் கோலிகுண்டு வெளையாட்டை எடுக்கவா?” என்று கேட்டு, கருவியை எனக்குத் தெரியும்படி பிடித்துக்கொண்டாள். நான் சொல்லச் சொல்ல அவள் ஆடினாள். எழுத்துப் படிக்காதவளுக்கு இந்த ஆட்டத்தில் படிக்க ஒன்றும் இல்லை. சுவரில் அடித்துத் திருப்பி அனுப்பலாம் என்பது பிடிபட்டதும் அவளுக்குக் குஷி வந்துவிட்டது. “செவுத்துல பட்டு எகிறுது பாரேன்!” நேராகப் போக வேண்டியதையும் சுவரில் அடித்தே அனுப்பினாள். எல்லாம் தப்பான இடத்தில் போய் ஒட்டின. கூரை இறங்கியது.

“ஏண்டி, கீழ வருது?”

“வரும்மா. அப்படித்தான்.”

“நாம என்னா தப்பு செஞ்சோம்?”

“தப்பு செஞ்சாலும் வரும், செய்யாட்டியும் வரும்.”

அம்மா கருவியைத் தள்ளிவைத்துவிட்டு என் நெற்றியைத் தடவினாள். அன்று அதற்குமேல் ஆடவில்லை.

ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். அண்ணன் வந்து இறங்கிய அன்றே முடி வெட்டி, தாடியை மழித்துக்கொண்டு, குழந்தையைப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தான். வழித்த முகத்தில் பள்ளிக்கூடத்துச் செந்தில் தெரிந்தான். கிராஸ் மேட்ச் மறுபடி எடுத்தார்கள். ரத்தம் சென்னைக்குப் போய் முடிவு வர நாளாகும். அந்த நாட்களில் நான் கருவியைத் தொடவில்லை. ஆட வேண்டியிருக்கவில்லை, காத்திருப்பு முடியப்போகிறது என்று நினைத்தேன்.

மருத்துவர் எங்கள் மூவரையும் உள்ளே கூப்பிட்டார். இந்த முறை குழியில் அண்ணனுடைய அணுக்கள் செத்திருந்தன. கிட்டத்தட்ட எல்லாமே.

“அன்னிக்கு நல்லாத்தானே சார் இருந்துச்சு?” என்றான் அண்ணன்.

“அன்னிக்கு இவங்க உடம்புக்கு உங்களைத் தெரியாது. இப்ப தெரிஞ்சுடுச்சு.”

சில வாரம் விட்டு இன்னொரு முறை பார்த்தார்கள். அதே விடை. எதிர்ப்பைக் குறைக்கச் சென்னையில் ஒன்றிரண்டு இடங்களில் முயல்கிறார்கள், நிச்சயம் சொல்ல முடியாது, உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன் என்றார். மூளைச்சாவு அடைந்தவர்களின் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்துவைக்கலாம். ஆனால் உடம்பு இப்படிக் கற்றுக்கொண்ட பிறகு பெரும்பாலானவர்களுடையதையும் அது இப்படித்தான் பார்க்கும். அவர் எதையும் மறைக்கவில்லை. அம்மா அவரைக் கும்பிட்டுவிட்டு எழுந்தாள்.

அண்ணி கைக்குழந்தையோடு வீட்டுக்கு வந்து, உள்ளே வராமல் வாசலில் நின்று அழுதாள். குழந்தையை என் மடியில் போடச் சொன்னேன். வலது கையில் வாங்கிக்கொண்டேன். “இதுக்குப் பேரு வச்சாச்சா?” என்று மட்டும்தான் கேட்க முடிந்தது. நல்ல கனமான குழந்தை. அவள் பிறந்தது எனக்கு உண்மையாகவே சந்தோஷம்தான்; அந்தச் சந்தோஷம் எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

இப்போது நானும் முடிவில்லாத வகையைத்தான் ஆடுகிறேன். புதிதாக வருபவர்கள் “இதில் எப்படி ஜெயிப்பது?” என்று கேட்டால், ஜெயிக்க முடியாது, இடம் உண்டாக்கலாம் என்று சொல்கிறேன். மூன்று உடைந்தால் மூன்றளவு இடம். கூரை இறங்கும், மறுபடி கொஞ்சம் இடம். டயாலிசிஸும் அவ்வளவுதான். ஊறியதை எடுக்கிறார்கள், மறுபடி ஊறுகிறது. இதனால் மனம் தேறும் என்று நான் சொல்லவில்லை. தேறவில்லை. நான்கு மணி நேரம் போகிறது.

சிங்கப்பூர் திரும்புவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, அம்மாவுக்குப் பதிலாக அண்ணன் என்னோடு வந்தான். ஸ்டெல்லா சிஸ்டர் அவனை உள்ளே விட்டார். ஊசி போடுவதைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். கருவியைக் கொடுத்தேன். ஒன்றிரண்டு தடவை சுட்டுவிட்டு மடியில் வைத்துக்கொண்டான்.

“வாங்கும்போது கடைக்காரன் சொன்னான், பேட்டரி ரொம்ப நாள் வரும்னு” என்றான்.

“வருதுண்ணே.”

நழுவியிருந்த என் போர்வையை இழுத்துவிட்டான்.

“ஒனக்குன்னு எடுத்து வச்சுட்டேன் மலரு. சித்திரைலேருந்து எடது பக்கம் நான் ஒரு மூட்டை தூக்கினதில்ல. ஃபோர்மேன்கூடக் கேட்டான், என்னடா கோணலா நடக்கறேன்னு. ரூம்ல படுக்கறப்பவும் அந்தப் பக்கம் சாய மாட்டேன், அமுங்கிடுமோன்னு. இப்ப எப்படிப் படுக்கறதுன்னே தெரியல.”

பக்கத்துப் படுக்கையில் ஜமால் பாய் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

“இனிமே ரெண்டு பக்கமும் புரண்டு படுண்ணே” என்றேன்.

தலையாட்டினான். பஸ்ஸுக்குச் சாப்பிட ஏதாவது வாங்கி வருகிறேன் என்று எழுந்தான். அவன் கதவுவரை போவதைப் படுத்தபடியே பார்த்தேன். இடது விலாவுக்குக் கீழே உள்ளங்கையை அணைவாக வைத்துக்கொண்டு, யார்மேலும் இடித்துவிடாமல், ஒதுங்கி ஒதுங்கித்தான் நடந்து போனான்.